இரண்டாவது அளவு

முதல் தடவை பதினொன்று. அதே படத்தில், அதே தசையைச் சுற்றி மறுபடி கோடு போட்டபோது பத்து.

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்கேன் அறையின் ஏசி ஈரத்துணி வாடையோடு முனகிக்கொண்டிருந்தது. திரையில் அண்ணனின் இடுப்பு, குறுக்கே வெட்டிய பழம்போல, நடுவில் எலும்பும் இருபுறமும் சாம்பல் நிறத் தசையும் உள்ளே வெள்ளை இழைகளாகக் கொழுப்பும். தசையின் ஓரத்தை மௌஸால் வரைந்தால் கணினி பரப்பளவைச் சதுர சென்டிமீட்டரில் சொல்லும். அவன் மறுபடி மூட்டை தூக்கப் போகலாமா என்பதை அந்த எண்தான் முடிவு செய்யும்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்த அண்ணன் அதைத் திறந்து தலையை நீட்டினான். "இன்னுமா? என் முதுகு என்ன மைதானமா, அளந்துக்கிட்டே இருக்க?"

"சும்மா இருண்ணே. கணக்கு இடிக்குது."

மேல்மாடியிலிருந்து பெரிய டாக்டர் போனில் கடிந்தார். "ரெண்டு அளவும் ஒத்துப்போகாம அனுப்பாதம்மா. எத்தனை தடவை சொல்றது?"

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தடவை வரைந்தாள். எட்டு.

படத்தைப் பெரிதாக்கினாள். அவள் கை பிசகவில்லை. தசைதான் சுருங்கியிருந்தது. புதுக் கோடு தசையை ஒட்டியே ஓடியது. பழைய கோடுகள் இரண்டும் தொளதொளத்த சட்டைபோல வெளியே, வெள்ளைக் கொழுப்புக்குள் கிடந்தன.

"முதுகு லேசா பிடிச்சிருக்கு," என்று அண்ணன் கதவை மூடி, கண்ணாடியில் சாய்ந்துகொண்டான்.

வீம்புக்கு நான்காம் தடவை. ஐந்து.

தொப்பென்று ஒரு சத்தம். அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தான். முதுகு இன்னும் கண்ணாடியில்தான்.

கை சுட்டதுபோல மௌஸை விட்டாள்.

போன் அடித்தது. "விடும்மா, உன்னோட மாரடிக்க முடியாது. படத்தை நானே திறந்துட்டேன். ஒத்துவர்ற வரைக்கும் கோடு போடறேன்."

"வேணாம் சார்! தொடாதீங்க, அது..."

வைத்துவிட்டார். திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை.

திரையில் அம்புக்குறி அசைந்தது. அவள் கை மடியில் இருந்தது.

ஒயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது. அதே இணைப்பில் இருந்த ஏசியும் நின்றது. கதவைத் தள்ளினாள். அண்ணனின் பாரம் அதை வெளியிலிருந்து அடைத்திருந்தது.

"அண்ணே, எழுந்திரு!"

"முடியலடி."

கண்ணாடியில் ஒட்டியிருந்த அவன் சட்டை, இடுப்புக்கு மேலே, ஒரு விரல் அகலத்துக்கு உடம்புக்குள் அமுங்கியது. இடமிருந்து வலமாக. நிதானமாக. ஓரம் பார்த்து, ஓரம் பார்த்து.

முனைக்கு வந்து நின்றது.

பிறகு மறுபடியும் இடப்பக்கத்திலிருந்து தொடங்கியது.