வெட்டிய மூச்சு

பாட்டின் முதல் வரிக்கு முன்னால் ஒரு மூச்சு கேட்டது. ஆண்டனிராஜ் அதை நேற்றே வெட்டி எடுத்திருந்தான்.

கோயில் பாடல்குழுவில் கீபோர்டு வாசிப்பவன். வீட்டுக் கம்ப்யூட்டரில் மிக்சிங் பழகிக்கொண்டிருந்தான். ஒரு சிடி வந்துவிட்டால் திண்டுக்கல் முழுக்கத் தேடி வரும் என்ற நினைப்பு, ஆசை யாரை விட்டது. பாடுகிறவரின் மூச்சுச் சத்தத்தை வெட்டினால்தான் பாட்டு சுத்தம் என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான்.

வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னல்களில் மெத்தை, சுவரெல்லாம் போர்வை, பழைய பஞ்சும் வியர்வையும் கலந்த புழுக்கம். ஃபேன் ஓடினால் மைக்கில் இரைச்சல் விழும் என்று அணைத்தே வைத்திருப்பான். இந்த அறையில்தான் போன மாதம் சகாயசெல்வி பாடினாள். இளைப்புக்காரி.

“அண்ணே, செத்த நேரம் ஃபேனப் போடுங்கண்ணே. மூச்சு முட்டுது.”

“ஒரே ஒரு டேக்கும்மா. முடிஞ்சிரும்.”

அந்த ஒரே ஒரு டேக் சாயங்காலம் வரை முடியவில்லை. அன்று ராத்திரி இழுப்பு வந்து ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டாள். ஃபேன் விஷயம் இவனுக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு, அவள் கடைசியாகப் பாடிய இந்தப் பாட்டுதான் வீட்டாருக்கு வேண்டுமாம். கேட்டுப் பார்க்க அவள் அம்மா வியாகுலம்மாள் சித்தையன்கோட்டையிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். மறுபடி வெட்டினான். ஓடவிட்டான். மூச்சு இருந்தது. இப்போது இரண்டாம் வரிக்கு முன்னாலும், நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போல. திரையில் அந்த இடத்தில் ஒலிக்கோடு, சத்தமே இல்லை என்பதுபோல, தட்டையாகத்தான் கிடந்தது.

கதவு தட்டும் சத்தம்.

“பிள்ள குரலக் கேக்கணும் தம்பி.”

வியாகுலம்மாளை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டான். பாட்டு ஓடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். பாதியில் கரண்டு போயிற்று. திரை அணைந்தது. நடுமதியத்தில் அறை இருண்டது, கதவிடுக்கு வெளிச்சம் மட்டும்.

“கரண்டு போயிருச்சும்மா. கழட்டிருங்க, பெறகு கேக்கலாம்.”

அவள் கழற்றவில்லை. உதட்டில் விரலை வைத்தாள்.

“பாடி முடிச்சிட்டா. மூச்சு வாங்குறா.”

அவன் வயர் போன வழியைப் பார்த்தான். கம்ப்யூட்டர் செத்துத்தான் கிடந்தது.

“ஃபேனப் போடச் சொல்றா தம்பி. அன்னைக்கும் கேட்டாளா?”

சொல்லிவிட வேண்டும். கரண்டு இல்லை என்று தெரிந்தும் ஃபேன் சுவிட்சைத் தட்டினான்.

வியாகுலம்மாள் மைக்குக்கு முன்னால் கிடந்த காலி ஸ்டூல் பக்கம் திரும்பினாள். முந்தானையால் விசிறத் தொடங்கினாள்.

“செத்த இரு தாயி. பாடாத.”

ஸ்டூலுக்குப் பின்னால் தொங்கிய போர்வை அசைந்தது. முந்தானைக் காற்றுக்கு அல்ல. காற்றுக்கு எதிராக. யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல ஸ்டூலை நோக்கி இழுபட்டது. தளர்ந்தது.

இழுபட்டது. தளர்ந்தது.

இழுபட்டது.

அப்படியே நின்றது. அவள் விசிறிக்கொண்டே இருந்தாள்.