இறக்கையைப் பிடித்தவள்

அந்த அறையில் சுவரெல்லாம் பழசு. கூரை மட்டும் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருந்தது. ஏன் என்று கேட்க மூட்டை தூக்குகிறவனுக்குத் தோன்றவில்லை. வாடகை குறைவு. பெண்டாட்டியும் பல் முளைக்காத மகளும் கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தது. அது போதும்.

மேலே மொட்டை மாடி. மதியமானால் அறை கொதிக்கும். இருந்த ஒரே டேபிள் ஃபேனைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

முதல் நாளே அது நின்றது. கரண்ட் இருந்தது. மோட்டார் "ம்ம்ம்" என்று முனகியது. இறக்கை மட்டும் அசையவில்லை.

"உன்னை மாதிரியே சோம்பேறி," என்றாள் மனைவி.

"வாயை மூடுடி" என்று சிரித்துக்கொண்டே துடைப்பக் குச்சியால் இறக்கையைத் தள்ளினான். துருப்பிடித்த இறுக்கமாகத் தெரியவில்லை. யாரோ கெட்டியாகப் பிடித்திருக்கிற மாதிரி, தள்ளினால் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மறுபடி பிடித்தது.

பிறகு விட்டுவிட்டது.

நாலைந்து நாள் இப்படியே போனது. கடைசியில் ஃபேன் அடியோடு செத்தது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தான்.

"பேரிங் வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு சுத்துது அண்ணே. காயிலுக்குள்ள ஒரு ஃபியூஸ் இருக்கும், சூடு ஏறினா அதுவே கரண்டை வெட்டிடும். அது போயிடுச்சு. அதை விட்டுட்டு நேரா ஒயர் கட்டிட்டேன். இனிமே சாகவே சாகாது."

ஃபேனைத் தூக்கிக்கொண்டு படியேறியவனைக் கீழ்வீட்டுத் தையல்காரி பார்த்தாள். மிஷினை நிறுத்தினாள்.

"தம்பி, அந்த ரூம்ல ஃபேன் போடாதீங்க."

"ஏங்க்கா?"

"முன்னாடி இருந்தவளும் கைக்குழந்தைக்காரி. ஃபேன்ல புகை வந்திருக்கு. பதறிப்போய் ஓடுற இறக்கையைக் கையால பிடிச்சு நிறுத்தியிருக்கா. நின்னா அணைஞ்சுடும்னு நெனச்சிருக்கா, பாவம். கடைசி வரைக்கும் விடலையாம்." குரல் இறங்கியது. "ரெண்டு பேருமே போயிட்டாங்க."

ஃபேனைப் படியில் இறக்கி வைத்தான். நின்ற இறக்கைதான் மோட்டாரைக் கொதிக்க வைக்கும். செத்துப்போனவள் காப்பாற்றத்தான் பார்க்கிறாள். இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

மனைவியிடம் எல்லாம் சொன்னான். "ஃபேன் போடாதே. போட்டு நின்னுதுன்னா இறக்கையைத் தொடாதே. ப்ளக்கைப் பிடுங்கு. அது ஒண்ணுதான் வழி."

வேறு இடம் தேடி அலைந்தான். அவன் கூலிக்கு எவன் வீடு தருவான்?

இரவு வேலை முடிந்து வந்து ஒரு மதியம் வாசல் நடையில் படுத்திருந்தான். உள்ளே குழந்தை வேர்க்குரு தாங்காமல் வீறிட்டு அழுதது. சுவிட்ச் சத்தம் கேட்டது. "கொஞ்ச நேரம்தான்டி செல்லம்" என்று மனைவி சொன்னதும் அரைத் தூக்கத்தில் காதில் விழுந்தது. எழுந்திருக்க உடம்பு மறுத்தது. அழுகை ஓய்ந்தது. அவளும் அசந்திருப்பாள்.

காற்று நின்றது.

ம்ம்ம்.

காந்தல் நாற்றம் மூக்கைக் குத்தியபோதுதான் விழித்தான். ஃபேனிலிருந்து தீ ஜன்னல் திரைக்குத் தாவியிருந்தது. பாய் எரிந்தது. புகைக்குள்ளிருந்து மனைவி குழந்தையை அவன் கையில் திணித்தாள்.

"வாடி வெளியே!"

"ப்ளக்கைப் பிடுங்கிட்டு வந்துடறேன்."

அவன் சொல்லிக்கொடுத்ததுதான்.

அவள் வரவில்லை.

குழந்தையோடு தங்கை வீட்டுக்குப் போனான். அறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. சில நாளில் மூட்டைக்குத் திரும்பினான். வயிறு இருக்கிறதே.

ஒரு சாயங்காலம் வந்ததும் தங்கை சலித்துக்கொண்டாள்.

"அண்ணா, உன் பொண்ணைத் தூங்க வெச்சிட்டு ஃபேன் போட்டா, யாரோ ப்ளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடறாங்க. வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன்."

அவனுக்குக் கண் நிறைந்தது. "அவதான்," என்று முணுமுணுத்தான். "இருக்கட்டும். விட்டுடு."

உள்ளே போனான். குழந்தை அயர்ந்து தூங்கியது. ஒயர் தரையில் சுருண்டு கிடந்தது. ப்ளக்கின் மூன்று பின்னும் எதிலும் செருகாமல் அவன் கண்ணெதிரே கிடந்தன.

இறக்கை அசையவில்லை, யாரோ கெட்டியாகப் பிடித்திருக்கிற மாதிரி.

கரண்டே இல்லாமல் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது.

அதன் முதுகைத் தொட்டான். விரல் பொசுங்கியது.