எது மேலே இருக்க வேண்டும்

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. கரகரவென்று நீளமாய் ஓர் இழுப்பு, அதற்குப் பின்னால் குட்டையாய் ஒன்று, ஒரு மூச்சு விடும் அளவுக்கு அமைதி, மறுபடியும் அதே நீளத்தில் அதே இழுப்பு. சஞ்சயன் கணினியின் முன்னால் இருந்தபடி அதை வெகுநேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பாதித் தேங்காயில் துருவ இவ்வளவு என்ன இருக்கிறது என்று நினைத்தபோதுதான், மத்தியானத்திலிருந்து லக்சனா ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

அவள் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை.

கணவன் மனைவி இரண்டு பேரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தார்கள். போன வருசம் சண்டையால் ஊருக்குப் போகும் பாதை மூடப்பட்டதிலிருந்து லக்சனா அம்மாவைப் பற்றியே பேசினாள். அம்மாவுக்கு மருந்து கிடைக்கிறதோ, அம்மா தனியாகப் படுக்கிறாளோ, கப்பலில் இடம் கேட்டுப் பார்த்தால் என்ன, இந்தக் குளிருக்குள் என்னை ஏன் கொண்டுவந்து வைத்தீர்கள் என்று, பேசிப் பேசி அழுது, அழுது முடித்துவிட்டுப் பேசினாள். சஞ்சயன் சனி, ஞாயிறுகளில் காதுக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாட்டுக்குள் போய்விடுவான். காடும் கோட்டையும் பாழடைந்த சுரங்கங்களுமாக, ஒரு முழு நாட்டையே சுற்றித் திரியக்கூடிய பெரிய விளையாட்டு அது. கூட வர ஒரு தோழியைத் தானே செய்துகொள்ளலாம். அவன் தங்கள் கல்யாணப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாடையையும் நெற்றியையும் கண்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தி, அவளுக்கு லக்சனாவின் முகத்தையே கொடுத்திருந்தான். பெயரும் லக்சனா. அந்த லக்சனாவும் வழியெல்லாம் குளிருது என்றாள், திரும்பிப் போவோம் என்றாள்.

அதற்காகத்தான் இன்று காலையில் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனான். பஜாரில் சண்முகராஜாவின் கணினிக் கடையில் மொட்கள் கிடைக்கும். விளையாட்டின் ஆளையோ வீட்டையோ வானத்தையோ மாற்றுவதற்கு யாரோ எங்கேயோ இருந்து செய்து வெளியிடும் ஒட்டு வேலைகள் அவை. தோழியைப் பேசாமல் ஆக்குகிற மொட் ஒன்று வேண்டும் என்று சஞ்சயன் கேட்டதும், சண்முகராஜா சிரித்துக்கொண்டே சீடியில் எழுதிக் கொடுத்தான்.

"மொட்ட உள்ள போடுறதுக்கு மேனேஜர் வேணும் சார். ரெண்டு வச்சிருக்கேன். இந்தச் சுத்தியல் படம் போட்டது இருக்கே, அது பழச அழிச்சிட்டு அது மேலேயே புதுச எழுதிப்புடும். இன்னொன்னு கண்ணாடி. அது பழசத் தொடாது, மேல ஒரு கண்ணாடிய வச்ச மாதிரி புதுசக் காட்டும். புடிக்கலன்னா எடுத்துட்டா போதும், கீழ பழசு அப்பிடியே கெடக்கும்."

"எது கெதியா முடியும்?"

"சுத்தியல்தான். ஆனா நான் உங்க எடத்துல இருந்தா கண்ணாடியத்தான் போடுவேன்."

"என்ர மெசினில இடமில்லை. பழசை வச்சு நான் என்ன செய்யிறது?" என்று சொல்லிவிட்டு வந்தவன், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சுத்தியலையே போட்டான். பழைய கோப்பு நிரந்தரமாக நீங்கும், சம்மதமா என்று அது கேட்டது. பின்னால் வாசற்படியில் நின்று லக்சனா அம்மாவின் போன் வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் சம்மதம் என்பதை அழுத்தினான்.

அவள் வசனத்தின் நடுவில் நின்றுவிட்டாள்.

அப்போது அவனுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது வெளியே பின்னேர மழை விட்டு, தேயிலை மலையின் சரிவிலிருந்து பனிப்புகார் ஏறி, தகரக் கூரைக்கும் ஜன்னலுக்கும் இடையில் ஈரக் கம்பளி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே தொழிற்சாலையில் கொழுந்து வாடும் பச்சை வாசம் கதவிடுக்கால் உள்ளே வந்தது. சஞ்சயன் எழுந்து குசினிக்குப் போனான்.

லக்சனா துருவலையில் இருந்தாள். கையில் வெறும் சிரட்டை. தேங்காய் எப்போதோ முடிந்து, சிரட்டையின் கறுப்புத் தூள்தான் வெள்ளைத் தேங்காய்ப்பூவின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"லக்சனா, என்ன செய்யிறீர்?"

அவள் நிமிர்ந்து சிரித்தாள். கல்யாணப் படத்தில் இருக்கிற சிரிப்பு.

"தேத்தண்ணி போடட்டோ?"

"அம்மாவோட கதைச்சனீரோ?"

"தேத்தண்ணி போடட்டோ?"

குரலில் கோபமில்லை, விளையாட்டுமில்லை. முதல் தரம் எந்த எழுத்தில் ஏறி எந்த எழுத்தில் இறங்கியதோ, அப்படியே ஏறி இறங்கியது. அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். சூடாக இருந்தாள். வெந்தய வாசம், அவள் தலைமுடியின் வாசம். கண்கள் அவன் முகத்தைப் பார்த்தன, அவன் நகர்ந்தபோது கூடவே நகர்ந்தன, அவன் நின்றபோது நின்றன. அந்தப் பார்வையை அவன் எங்கே கண்டிருக்கிறான் என்று தேடத் தேவையிருக்கவில்லை. முன்னறையில் திரையில், பாழடைந்த கோட்டை வாசலில் நின்று, அதே கண்கள் அவன் இருக்கும் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவன் ஓடிப்போய் சுத்தியலைத் திறந்தான். புதிய மொட் வேண்டாம், நீக்கு என்றான். பழைய கோப்பு இல்லை என்றது. மறுபடியும் அழுத்தினான். பழைய கோப்பு இல்லை. போனை எடுத்துச் சண்முகராஜாவைக் கூப்பிட்டான்.

"அதான் அப்பவே சொன்னேனே சார். சுத்தியல் போட்டா பழசு போச்சு."

"ஒரு வழியும் இல்லையா?"

"அதே சீடியில கண்ணாடியும் இருக்கு, அதப் போட்டுப் பாருங்க. அழிஞ்சது டிஸ்குல துண்டு துண்டா எங்கயாச்சும் கெடக்கும், அது தேடிப் பொறுக்கி ஒட்டும். ஆனா முழுசா வராதுங்க. கெடைச்ச வரைக்கும்தான். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும், எது மேலன்னு கேக்கும், நீங்க சொல்லணும்." பிறகு, "வெளையாட்டுக்குத்தானே சார்? என்னமோ அழுவுற மாதிரி பேசுறீங்க?" என்றான்.

சஞ்சயன் போனை வைத்துவிட்டான்.

இடம் போதாது என்றது கணினி. பாட்டுகளை அழித்தான், பிள்ளைகளுக்குச் செய்த வினாத்தாள்களை அழித்தான். கண்ணாடி உள்ளே போய்த் தேடத் தொடங்கியது. பெட்டிக்குள் ஏதோ உராய்வது கேட்டது. குசினியில் துருவல் சத்தமும் நிற்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு காதுக்குள் இறங்க, அவன் கைகளைத் தொடையிடுக்கில் சொருகிக்கொண்டு, திரையில் பச்சைக் கோடு நத்தைபோல ஊர்வதைப் பார்த்திருந்தான்.

முன்கதவில் யாரோ தட்டினார்கள். திறந்தபோது, கீழே தொழிலாளர் லயத்து வேலாயி. மலையிலிருந்து இறங்கி வருகிற வழி, தலையில் போட்ட கம்பளிச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சார், டீச்சரம்மாவுக்கு என்னாங்க? மேல் ரோட்டுத் திருப்பத்துல செருப்பு இல்லாம நிக்கிறாங்க. கூப்புட்டேன், பொகாருக்குள்ள மொகந் தெரியல. அழுவுறாப்ல இருந்துச்சு."

"அவ உள்ளுக்குத்தான் நிக்கிறா."

"இல்லீங்க சார், நான் இப்பத்தான..." வேலாயி அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். குசினி வாசலில் லக்சனா வந்து நின்றிருந்தாள். கையில் சிரட்டை. சிரிப்பு.

"தேத்தண்ணி போடட்டோ?"

வேலாயி வீட்டுக்குள்ளும் பார்த்தாள், தான் வந்த மேட்டையும் பார்த்தாள். "முருகா" என்று சொன்னதுபோல இருந்தது. பிறகு படியிறங்கி ஓடினாள். வயதான அந்தக் கால்கள் அப்படி ஓடுமென்று சஞ்சயன் நினைத்ததில்லை.

அவன் கதவைப் பூட்டினான். தாழ்ப்பாளையும் போட்டான்.

திரையில் கோடு முடிந்திருந்தது. இரண்டு சிறிய சதுரங்கள். ஒன்றில் முழு முகம், மற்றதில் நெற்றியின் ஒரு பக்கமும் வாயும், இடையில் சாம்பல் நிறம். கீழே ஒரு கேள்வி. எது மேலே இருக்க வேண்டும்?

அவன் கை பழையதை நோக்கிப் போனது. நிச்சயமாகப் போனது. அதற்குள் பின்கதவு தட்டப்பட்டது.

"இஞ்சாருங்கோ. கதவைத் திறவுங்கோ."

லக்சனாவின் குரல். ஏறி இறங்கி, மூக்கடைத்து, பல் கிட்டி நடுங்குகிற குரல்.

"என்னப்பா செய்யிறியள்? ஏன் பூட்டி வச்சிருக்கிறியள்? நான் எப்பிடி ரோட்டுக்குப் போனனான் எண்டு தெரியேல்லை. உங்களோடதானே கதைச்சுக்கொண்டு நிண்டனான், அம்மாவின்ர போன்... கடவுளே, விறைக்குது. கால் மரத்துப்போச்சு. திறவுங்கோவன்!"

"இந்தா வாறன்" என்று கத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினான். தாழ்ப்பாளில் கை வைத்தான். பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் ஒரு நிழல் அசைந்தது. அவள் கதவை விட்டு ஜன்னலுக்கு வந்திருந்தாள்.

முகத்தில் ஒரு பக்கம் இருந்தது.

அடுத்த பக்கத்தில் புகார்தான் இருந்தது. கன்னம் தொடங்கிய இடத்தில் முடிந்து, அந்த ஓட்டைக்கூடாகப் பின்னாலிருந்த தேயிலைச் செடிகள் தெரிந்தன. ஒரு கண் இல்லை. மற்றக் கண் அவனைக் கண்டதும் நம்பிக்கையோடு விரிந்தது. வாய் முழுதாக இருந்தது. கண்ணாடியில் வைத்த கையில் சில விரல்கள் நுனி வரை வந்தன, சில பாதியில் நின்றன.

"ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?" என்றாள் அவள். "என்னப்பா? என்ர முகத்தில என்ன?"

அவளுக்குத் தெரியவில்லை. கையை உயர்த்தித் தொட்டுப் பார்க்கப் போனாள்.

"தொடாதையும்!" என்று அவன் அலறினான்.

அவள் பயந்துபோய்க் கையை இறக்கினாள். பிறகு மெதுவாக, அவனுடைய பழைய லக்சனா கேட்கிற மாதிரியே, கேட்டாள். "நான் ஏதும் பிழையாக் கதைச்சிட்டனோ? சரி, இனி அம்மாவைப் பற்றிக் கதைக்க மாட்டன். சத்தியமா. திறவுங்கோ."

தாழ்ப்பாள் அவன் கைக்குள் குளிர்ந்தது. அவன் அதை இழுக்கவில்லை.

இந்த முகத்தோடு எப்படிச் சாப்பிடுவது. எப்படிப் படுப்பது. பாடசாலைக்கு எப்படிக் கூட்டிப்போவது. அதிபரிடம் என்ன சொல்வது. இதையெல்லாம் அவன் நினைத்தான். நினைக்கிறோமே என்று வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே பின்னால் ஓரடி வைத்தான்.

"இஞ்சாருங்கோ?"

இன்னும் ஓரடி.

"எங்க போறியள்? சஞ்சயன்!"

குசினியைத் தாண்டும்போது உள்ளே இருந்தவள் ஒதுங்கி வழிவிட்டாள். முழுதாக இருந்தாள். இரண்டு கண், இரண்டு கன்னம், வெந்தய வாசம். பின்கதவு இப்போது அடிபட்டது. கையால், தோளால். பலகை குலுங்கியது. அவன் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டான். அதற்குள்ளும் கேட்டது.

"நான்தானப்பா! நான்தா..."

அவன் புதியதை அழுத்தினான்.

நின்றது.

மழைத்துளி கூரை ஓரத்திலிருந்து வாளிக்குள் விழுந்தது. அவன் ஹெட்போனைக் கழற்றினான். பின்பக்கம் போய் ஜன்னலால் பார்த்தான். புகார். செடிகள். கண்ணாடியில் ஒரு கை அடையாளம், சில விரல்கள் குட்டையாக. வேறொன்றுமில்லை. அவன் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டான். விளக்கைப் போட்டான். முடிந்தது என்று சொல்லிக்கொண்டான். இனி அமைதிதான்.

லக்சனா வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். சிரித்தாள்.

டொக்.

மெல்லிய சத்தம். அவன் பின்கதவைப் பார்த்தான். அது அசையவில்லை.

டொக். டொக்.

முன்கதவுமில்லை. ஜன்னலுமில்லை. மிகக் கிட்டத்தில். அவன் தலையைத் திருப்பாமல் கேட்டான். சண்முகராஜா சொன்னது, கடையின் ஈர வாசத்தோடும் மின்விசிறிச் சத்தத்தோடும், ஒவ்வொரு சொல்லாக அவனுக்குள் வந்தது. கண்ணாடி பழசத் தொடாது. கீழ அப்பிடியே கெடக்கும்.

டொக்.

லக்சனாவின் நெஞ்சு, சட்டைக்கு மேலால், ஒரு சின்ன இடத்தில் மட்டும் எழும்பி அடங்கியது. பிறகு கழுத்து. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். மூடிய உதடுகளுக்குப் பின்னால், வெகு ஆழத்திலிருந்து, போர்வைக்குள் வாய் பொத்திய குழந்தைபோல, யாரோ அவன் பெயரைச் சொன்னார்கள்.

"லக்சனா" என்றான் அவன். தன் குரலே அவனுக்குக் கேட்கவில்லை.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். இடது கன்னம் உள்ளிருந்து மெல்லப் புடைத்தது. விரல்கள். சில நீளமாக. சில பாதியில். கன்னத்தின் உட்புறத்தைத் தடவி, வழி தேடி, உதட்டோரம் வரைக்கும் வந்தன.

"தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்பதற்காக அவள் வாயைத் திறந்தாள்.

உள்ளே, நாக்கின் இருட்டுக்குப் பின்னால், ஒற்றைக் கண் அவனைக் கண்டு நம்பிக்கையோடு விரிந்தது.