கணப்புக்கு அருகே ஓர் இடம்

கணப்பில் நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்தது, சூடுதான் வரவில்லை.

லாய்ட் பெட்டிஃபோர் இதைக் கவனித்தார். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலியாவில், ஜிண்டபைன் ஊருக்கு மேலே, பனிச்சறுக்கு மலையில் இருந்த அத்தனை விடுதிகளையும் சலித்தெடுத்து இந்த ஒன்றைப் பொறுக்கிய மேதை அவர்தான். மைத்துனன் சிபாரிசு செய்த பெரிய ஓட்டலை, குடும்ப விருந்தில் எல்லோர் முன்னிலையிலும், 'ஆட்டு மந்தைக்குக் கட்டின தொழுவம்' என்று அறிவித்திருந்தார். அப்பேர்ப்பட்டவர் குளிர்கிறது என்று வாய்திறப்பாரா?

"குளிருது லாய்ட்," என்றாள் மனைவி நோலீன். நிமோனியாவில் படுத்து எழுந்தவள். வெதுவெதுப்பாக ஓர் இடம், அவள் கேட்டது அவ்வளவுதான்.

"விறகு நெருப்பு மெதுவாத்தான் ஏறும். உனக்கு ஹீட்டரே பழகிப்போச்சு."

"கீழ அந்த ஓட்டலுக்கே போயிடலாமே. அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டான்."

"சொல்லமாட்டானா? சாகிற வரைக்கும் சொல்லுவான்."

விடுதிக்காரி ஹெதர் கிராம்பு மணக்கும் சூடான ஒயினைக் கொண்டுவந்து வைத்து, நோலீன் பக்கம் குனிந்தாள். "நாற்காலிய இன்னும் கிட்ட இழுத்துக்கோ கண்ணு. இங்க எல்லாரும் அப்படித்தான்."

எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். உயர்ந்த முதுகுள்ள நாற்காலிகளில், போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொண்டு, அன்றைய பனியின் அருமையைப் பற்றி முணுமுணுத்தபடி. கம்பளத்தில் நாற்காலிக் கால்களின் தடங்கள், ஒன்றன்முன் ஒன்றாக, நெருப்பை நோக்கியே நகர்ந்திருந்தன. வெளியே காற்று பனியை வாரிவாரிச் சன்னலில் அறைந்துகொண்டிருந்தது. ஈரக் கம்பளியும் கிராம்பும் கலந்த நெடிக்கு அடியில், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வறுபடுவதுபோல் ஒரு வாசனை.

"பாத்தியா, சமையல்காரன் கெட்டிக்காரன்," என்றார் லாய்ட், ஏதோ தானே வறுத்த பெருமிதத்தோடு.

"அடுப்பே மூட்டலையே," என்றாள் ஹெதர். "இன்னிக்கு ரொட்டியும் சீஸும்தான்."

லாய்டுக்கு ஒயின் இறங்கவில்லை. தொலைபேசியை பூட்ஸ் பக்கத்தில் விட்டுவிட்டதாக ஒரு சாக்குச் சொல்லி, உலர்த்தும் அறைக்குப் போனார். மலையில் எந்த விடுதியிலும் மாலையானால் அந்த அறை நாறும். நாளெல்லாம் சறுக்கியவர்களின் பூட்ஸ்களிலிருந்து தண்ணீர் சொட்டும். இங்கே நாற்றமில்லை. சொட்டு ஈரமில்லை. கொக்கி கொக்கியாக பூட்ஸ்கள், ஒவ்வொன்றின்மேலும் விரற்கடை தூசி. இவர்கள் இன்று மலைக்குப் போகவில்லை. நேற்றும் போகவில்லை.

ஈரமாக இருந்தவை இரண்டு ஜோடிதான். அவருடையதும் நோலீனுடையதும்.

இரண்டையும் வாரிக்கொண்டு ஓடினார்.

நோலீனின் நாற்காலி முன்னே நகர்ந்திருந்தது. நெற்றியில் வியர்வை. கன்னங்களில், நோய்க்கு முன்பிருந்த சிவப்பு.

"எழுந்திரு. போயிடலாம்."

"எங்க?"

ஆயுளில் முதல்முறையாக அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"உன் அண்ணன் சொன்ன ஓட்டலுக்கு. அவன் சொன்னதுதான் சரி."

"இப்பப் போயா? இப்பதான் இதமா இருக்கு." அவள் சிரித்தாள். "நல்ல இடமாத்தான் பிடிச்சிருக்கே, லாய்ட்."

முணுமுணுப்பு நின்றது.

அவர் மண்டியிட்டார். போர்வையை விலக்கினார்.

கால்கள் நெருப்புக்குள் நீண்டிருந்தன. முழங்கால்வரை கால். அதற்குக் கீழே, தணல்.

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னே இழுத்துக்கொண்டாள்.