முடி போன இடம்

“பிடுங்குன முடிய எங்கம்மா போடுற?”

தோல் டாக்டர் ஃப்ளோராவிடம் கேட்டார். புழுவெட்டு என்று சொல்லித்தான் அம்மா இஞ்ஞாசியம்மாள் அழைத்துப் போயிருந்தாள். அவர் உச்சந்தலையில் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். புழுவெட்டு என்றால் அந்த இடம் வழவழவென்று இருக்குமாம். இங்கே முடி ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. தூக்கத்தில் அவளே பிடுங்குகிறாளாம். பிடுங்கியதை விழுங்குகிறாளோ என்று வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

“தலையில நோவுன்னா வயித்தப் படம் புடிக்கச் சொல்றாரு. பல்லு வலின்னு போயிருந்தா கால எடுத்திருப்பாரு,” என்றாள் அம்மா பஸ்ஸில்.

ஸ்கேன் எடுக்கவில்லை. சின்ன வெங்காயத்தை அரைத்துத் தலையில் தேய்த்தாள். சொட்டைத் தலையோடு பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று ஃப்ளோரா நின்றுவிட்டிருந்தாள். கோயிலுக்கும் அவளைக் கூட்டிப்போக அம்மா கூசினாள். முடி வந்தால்தான் எல்லாம்.

வீட்டில் இருவருக்கும் பீங்கான் பொம்மை வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளில், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மண் கோடாகத் துருத்தி நிற்கும். அதைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். சீவலை ஃப்ளோரா அம்மாவுக்குத் தெரியாமல் வாயில் போட்டுக்கொள்வாள்.

அன்று சாயங்காலம், வெங்காயச் சாறு காதோரம் வழிந்து வியர்வையோடு புளித்து நாற, அவள் மென்ற சீவலுக்குள் நீளமாக ஒரு முடி நாக்கைச் சுற்றியது. துப்ப நினைத்தாள். தொண்டை முந்திக்கொண்டு அதை உள்ளே இழுத்தது. வயிற்றில் ஏதோ புரண்டது. கையால் அமுக்கினாள். சில்லென்று, கெட்டியாக இருந்தது. காய்கிற பொம்மையைப் போல.

“அம்மா, உள்ள என்னமோ இருக்குது.”

குமட்டியது. மண்ணும் மயிரும் ஊறிய வீச்சம். வாயோரம் கிழிந்தது. முதலில் முடி வந்தது, கற்றையாக, கோழை ஒழுக. பிறகு தலை. பிறகு தோள்கள்.

வேலைப் பலகைமேல் விழுந்தது. கையளவு. வெள்ளை. அவளுடைய மூக்கு. அவளுடைய மோவாய். முதுகில் ஒரு கோடு. தலை நிறைய முடி.

அம்மா ஸ்பாஞ்சை நனைத்து அந்த முதுகுக் கோட்டைத் துடைத்தாள். கோழையை வழித்தாள். முடியில் விரல்விட்டுச் சிக்கெடுத்தாள். ஒன்றுகூட உதிரவில்லை.

ஃப்ளோரா கூப்பிட வாயைத் திறந்தாள். மண்தான் வழிந்தது.

அந்தப் பொம்மை கண் திறந்தது. அம்மா அதை முந்தானையில் பொத்தி எடுத்து, விளக்கை அணைத்துவிட்டு, கோயிலுக்குக் கிளம்பி வெளியே போனாள்.