சயாம் ரீல்

காலையில் நஞ்சப்பன் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துப் பற்ற வைத்தான். பாலை ஏற்றினான். பொங்கும்வரை அங்கேயே நின்றான், கண்ணை எடுக்கவில்லை. இறக்கினான். ஒரு டம்ளர் காப்பி. முகம் மழித்தான். காக்கிச் சட்டையைப் போட்டான். இரண்டாவது டம்ளர் அலமாரியில் கவிழ்த்தபடியே இருந்தது. வீட்டைப் பூட்டினான்.

அவன் கொழிஞ்சாம்பாறை சப்-இன்ஸ்பெக்டர். வயது இருபத்தொன்பது. மனைவி இறந்து ஒரு மழைக்காலம் கடந்திருந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஆறுமுகசாமி நின்றிருந்தார். துண்டு தோளில் இல்லை, கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, ரீலைக் காணமுங்க."

எந்த ரீல் என்று கேட்க வேண்டியதில்லை. ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. 1945இல் ஆறுமுகசாமி பட்டாளத்தில் படம் பிடிக்கும் பிரிவில் எடுபிடி. ஜப்பான்காரன் சரணடைந்ததும் சயாம் காட்டுக்குள் போனார்கள். மலாயா தோட்டங்களிலிருந்து ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களின் முகாம்களைத் திறந்துவிட்டார்கள். அதை அதிகாரி படம் பிடித்தார். அதன் ஒரு பிரதி முப்பது வருடமாக ஆறுமுகசாமியின் தகர டப்பாவில் கிடந்தது. இன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் காட்டுவதாக ஏற்பாடு. நாளைக்கு அது டெல்லி ஆவணக் காப்பகத்துக்குப் போகிறது.

காலை எட்டு மணி. ஆறுமுகசாமியின் வீடு.

முன்கூடத்தில் புரொஜெக்டர். எதிர்ச் சுவரில் திரையாக வெள்ளை வேட்டி. ரீலை மாட்டும் தண்டு வெறுமையாக இருந்தது. டப்பாவில் மற்ற இரண்டு ரீல்கள் பத்திரம். அவை அணிவகுப்புப் படங்கள். பின்கதவுக் கொக்கியை வெளியிலிருந்து குச்சியால் நெம்பியிருந்தார்கள். புரொஜெக்டருக்குப் பின்னால் ஜன்னல் திட்டில் ஒரு மோர்ச் செம்பு, ததும்ப.

"நேத்து சாயங்காலம் இங்க ஆரெல்லாம் இருந்தீங்க?"

"ஓட்டிப் பாத்தோம். நானு, சைனுதீன், மாரப்பன். மூணே பேரு."

"வேற?"

"வேற ஆருமில்லீங்க. பக்கத்து ஊட்டு முத்தாத்தா மோர் வெச்சுட்டுப் போச்சு. அவ்வளவுதான்."

புரொஜெக்டர் வாடகைக்கு விட்டவர் சைனுதீன், கடைவீதியில் மைக் செட்டு வைத்திருப்பவர்.

"எடுத்தீங்களா?"

"சாரே, இதுல பாட்டில்ல, சண்டையில்ல. இதை எங்க கொண்டுபோய் ஓட்டுவேன்? என்னை அடிச்சுத் தொரத்துவாங்க."

"முழுசாப் பாத்தீங்களா?"

"பாதி பாத்தேன். அப்புறம் மெஷின் பல்பை மட்டும் பாத்துட்டிருந்தேன்." அவர் குரல் இறங்கியது. "எலும்பும் தோலும் எந்திரிச்சு நடக்குது சாரே."

அடுத்து முத்தாத்தாளின் வீடு. தனியாக இருக்கும் கிழவி, ஒரே மகளை வெளியூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. கணவர் அப்புசாமி கல்யாணமான மறுவருடம் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு மலாயா போனவர். திரும்பவில்லை, செத்த செய்தியும் வரவில்லை. ஆகவே அவள் நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. நரைத்த முடி ஈரமாக முதுகில் கிடந்தது. அடுப்பில் மூடிய பானை, கீழே அடுக்கிய விறகு, பக்கத்தில் தீப்பெட்டி. ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள்.

"ராத்திரி சத்தம் ஏதாச்சும் கேட்டுதா ஆத்தா?"

"இல்லீங் கண்ணு. ஒடம்பு சொகமில்ல. சீக்கிரமே படுத்துட்டேன்."

"மருந்து வாங்கலியா?"

"தையில பேத்திக்குக் கல்யாணம். அதுக்குள்ள சரியாயிரும். நாந்தான் முன்னால நின்னு நடத்தோணும்."

மதியம் கோபாலபுரம் வழியாக வந்த பஸ்ஸில் ஜனம் இறங்க ஆரம்பித்தது. கமலாத்தாள் என்ற பெண் பள்ளிக்கூட வாசலில் சோற்று மூட்டையோடு உட்கார்ந்துவிட்டாள். "எங்கண்ணன் இருப்பானுங்க அதுல. ஒருக்கா மொகத்தைப் பாத்தாப் போதும்."

ரீல் போன செய்தி அதற்குள் மாரப்பனின் பெயரோடு சேர்ந்து சுற்றியது. ஆட்களை மலாயாவுக்குக் கூட்டிப்போன கங்காணி அவருடைய அப்பா. நஞ்சப்பன் போனபோது மாரப்பனின் வைக்கோல் போரைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். ஒருவன் கையில் பந்தம்.

"பொழுது சாயறதுக்குள்ள ரீலு வரோணும்," என்றான் அவன். "இல்லீன்னா போரு மட்டும் எரியாது."

கான்ஸ்டபிள் யாக்கோபை வாசலில் நிறுத்திவிட்டு நஞ்சப்பன் உள்ளே போனான். மாரப்பன் கட்டிலில் அசையாமல் இருந்தார்.

"படத்துல உங்கய்யன் இருந்தாரா?"

"இருந்தாருங்க. குழியோரத்துல. மத்தவங்க மாதிரியே." மாரப்பன் மூக்கை உறிஞ்சினார். "ஆளைக் கூட்டிட்டுப் போனாரு, நெசந்தான். அவரும் திரும்பி வர்ல. இந்த ஊரு அதை ஒரு நாளும் நெனைக்கல. படத்தைப் போடுங்கன்னு ஆறுமுகசாமி கிட்டச் சொன்னதே நாந்தான். அதை நானே எடுப்பனா?"

நஞ்சப்பன் வெளியே வந்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. யாக்கோபு ஒரு கிளாஸ் சாயாவை நீட்டினார்.

"குடிங்க சாரே. முத்தாத்தா ஊட்டுல காப்பி குடிச்சிருப்பீங்கன்னு நெனைச்சேன். வந்தவங்களைக் குடிக்காம விடாதே அந்தக் கெழவி."

நஞ்சப்பன் கிளாஸைப் பிடித்தபடி நின்றான். இதே போல ஒரு கிளாஸ். மனைவி போன அன்று பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அவன் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை.

"யாரையும் உள்ள விடாதீங்க," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

முத்தாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பானை அடுப்பில் அப்படியே இருந்தது. விறகில் கரியே படியவில்லை.

"ஆத்தா, ஒடம்பு சொகமில்லாதவங்க மார்கழிக் குளிர்ல தலைக்குத் தண்ணி ஊத்த மாட்டாங்க. சாவுக் கேதம் கேட்டாத்தான் ஊத்துவாங்க."

அவள் முடியை அள்ளி முடிந்தாள்.

"மோர்ச் செம்பை நீங்க அடுக்களைல வெக்கல. மெஷினுக்குப் பின்னால வெச்சிருக்கீங்க. உள்ள வந்து நின்னு படத்தைப் பாத்துருக்கீங்க. ஆறுமுகசாமி உங்களை ஆளாவே எண்ணல. நானும் எண்ணல. பானை ஏறியிருக்குது, வெறகு இருக்குது, நெருப்பு மட்டும் இல்ல. எழவு உழுந்த ஊட்டுல அடுப்புப் பத்த வெக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். காலைல கண்ணால பாத்தும் மண்டைல ஏறல." அடுப்பருகே குனிந்தான். "ரீலு பானைக்குள்ளயா?"

அவள் எழுந்து மூடியை எடுத்தாள். கறுப்பு ரீல் உள்ளே சுருண்டிருந்தது.

"கொளுத்திரலாம்னுதான் வெச்சேன் கண்ணு. அவருக்குக் கொள்ளி வெக்க ஆருமில்லையே. குச்சியைக் கிழிச்சேன். கை போகுல."

"அவருதான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பாயில வரிசையாக் கெடத்தியிருந்தாங்க. ஒரு வெள்ளைக்காரன் போர்வையை ஒண்ணொண்ணா வெலக்கறான். மொகம் ஆரோடதுன்னே தெரியல, ஒருத்தருக்கு எடது காது கிழிஞ்சிருந்துது. காளை முட்டுன காது. நாந்தான் மஞ்சப்பத்துப் போட்டேன்." மூடியைத் தரையில் வைத்தாள். "ஊரு பாத்துதுன்னா என் பொட்டை அழிச்சுருவாங்க. பேத்தி கல்யாணத்துல மூலைல நிக்கோணும். எரிக்க முடியாமப் போகவும், தை முடியறவரைக்கும் ஒளிச்சு வெக்கலாம்னு பாத்தேன். அவ்வளவுதேன்."

"அண்ணன் மொகத்தைப் பாக்கோணும்னு ஒரு பொம்பள மத்தியானத்துலருந்து பள்ளிக்கூடத்துல காத்துட்டிருக்குது. மாரப்பன் ஊட்டுக்கு முன்னால பந்தத்தோட நிக்கறாங்க."

அவள் பானைக்குள் கையை விட்டு ரீலைத் தொட்டாள்.

"அந்தக் காது இந்த ஊர்ல வேற ஆருக்குத் தெரியும் ஆத்தா?"

விரல் விட்டு எண்ணினாள். "மாமன், அத்தை போய்ச் சேந்தாச்சு. கூடப் போனவங்க ஆரும் வர்ல. எனக்கு மட்டுந்தேன்."

"அப்படீன்னா எனக்கும் தெரியாது."

அவள் ரீலை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். கைக்குழந்தையைக் கொடுப்பது போல. அவன் வாசல்வரை வந்துவிட்டான்.

"அந்தப் படம் பேசாதா கண்ணு?"

"பேசாது ஆத்தா."

"கடைசியா என்ன சொன்னாரோ, தெரியாமயே போச்சு." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நீ பக்கத்துல இருந்தவனாச்சே. உன்ற ஊட்டுக்காரி என்ன சொன்னா?"

இந்தக் கேள்வியை மாமனார் கேட்டிருந்தார். 'உடம்பைப் பாத்துக்கங்கன்னு சொன்னா' என்றிருந்தான். அவர் அழுதார். பிறகு கேட்ட எல்லோருக்கும் அதையே சொன்னான். காய்ச்சலில் படுத்திருந்தவள் சொன்னது அதுவல்ல. அவள் சொன்னதைக் கேட்டு அவன் அடுக்களைக்குப் போனான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நஞ்சப்பன் ரீலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"பாலு பொங்குதுங்க, போய்ப் பாருங்கன்னா."