இரண்டு பச்சைப் பொத்தான்கள்

போன் அலறியது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது!

சாப்பாட்டு நேரம். தொழிற்சாலைக் கூடத்தில் ஈ காக்கை இல்லை. எதிரே, தகடு அமுக்கும் ராட்சத இயந்திரம். போன வாரம் அதற்குள் தலை நசுங்கிச் செத்தவரின் ரத்தக்கறை, கழுவியும் முழுதாகப் போகவில்லை...

"கூப்பிட்டியாம்மா?"

அத்தான்! அக்காவின் கணவர். இங்கே மேனேஜர். வேலையிடத்து விபத்துகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் அவளை உள்ளே விட்டவரும் அவர்தான்.

"அத்தான், அவரோட கவனக்குறைவுன்னு சொன்னது பொய்! இந்த மெஷினுக்கு ரெண்டு பச்சை பட்டன். ரெண்டு கையாலயும் சேர்த்து அமுக்கினாத்தான் இறங்கணும். அப்பதான் கை உள்ள போகாது. யாரோ ஒரு பட்டனுக்குக் குறுக்கே ஒயர் கொடுத்து, அது எப்பவும் அமுங்கின மாதிரியே ஆக்கியிருக்காங்க! சிக்கின தகட்டை எடுக்கக் குனிஞ்சிருக்கார்... முழங்கை அடுத்த பட்டன்ல பட்டிருக்கு..."

அத்தானின் குரல் தாழ்ந்தது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்."

"அங்கேயே இரு."

வந்தார். கதவைச் சாத்தினார்.

"ஆதாரம் எங்க?"

"கோட் பாக்கெட்ல... ஏன் அத்தான் இப்படிப் பாக்கறீங்க?"

அவள் பாக்கெட்டிலிருந்து செல்போனைப் பிடுங்கித் தரையில் அடித்தார். சில்லு சில்லாகச் சிதறியது!

"போட்டோவா எடுக்கறே? ஒயர் போடச் சொன்னதே நான்தான்! வேலை வேகமா நடக்கணுமே... நான் ஜெயிலுக்குப் போனா உங்கக்கா வயித்துப் பிள்ளையோட நடுத்தெருவுல நிக்கணும். பரவாயில்லையா?"

"அத்தான்... வேணாம்..."

சுவிட்சைத் தட்டினார். இயந்திரம் உறுமியது. இரும்புப் பிடியாக ஒரு கை அவள் பிடரியில். தலை உள்ளே போனது! எண்ணெய் வாடை... கன்னத்தில் ஜில்லென்று இரும்பு...

அத்தானின் இன்னொரு கை பொத்தானைக் குத்தியது.

ஒன்றும் ஆகவில்லை!

மறுபடி குத்தினார். ம்ஹும்...

"என்ன ஆச்சு இதுக்கு?"

"ஒ... ஒயர்... அதைக் கழட்டித்தான் பாக்கெட்ல வெச்சிருக்கேன்..."

அத்தான் பிடரியை விடாமல் அடுத்த பொத்தானுக்குக் கையை நீட்டினார். எட்டவில்லை. பற்களைக் கடித்தார். ஒரு நொடிதானே? சட்டென்று அவளை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் ஓங்கி அடித்தார்!

அந்த ஒரு நொடி போதும். அவள் வழுக்கி வெளியே விழுந்தாள்.

டம்ம்ம்!

வெறும் இரும்பின் மேல் இரும்பு இறங்கியது. கட்டிடமே அதிர்ந்தது.

"சாப்பாட்டு நேரத்துல எவன்யா மெஷினை ஓட்டுறது?"

போர்மேனின் குரல்! கதவு திறந்தது. கழுவாத கைகளோடு பத்துப் பதினைந்து பேர்... உடைந்த செல்போன்... தரையில் கிடக்கும் பெண்... இன்னமும் பொத்தான்களை விட்டு எடுக்காத மேனேஜரின் கைகள்!

நாலு பேர் அவரைக் கோழி அமுக்குவது போல் அமுக்கினார்கள்.

அவள் பாக்கெட்டிலிருந்து ஒயரை எடுத்து நீட்டினாள். சொன்னாள்.

"ரெண்டு பட்டன் உயிரைக் காப்பாத்தும்னு நீங்களே செஞ்சு காட்டிட்டீங்க அத்தான்... என் ஆராய்ச்சிக் கட்டுரையில முதல் நன்றி உங்களுக்குத்தான்!"